மரக்கடைசல்

மரக்கடைசல் என்பது, சுழன்றுகொண்டிருக்கும் மரத்துண்டின் மீது கூரிய உளியை வைத்துச் சீவி, உருண்ட வடிவமுள்ள பொருட்களை ஆக்கும் கைவினை ஆகும். தச்சு வேலையின் ஏனைய பிரிவுகளில் மரம் அசையாதிருக்க, உளியோ வாளோ இழைப்புளியோ நகர்கின்றது. கடைசலில் மரமே சுழல்கின்றது. உளி ஒரு தாங்கியின் மேல் மெல்ல நகர்த்தப்படுகின்றது. பம்பரம், மத்து, பூரிக்கட்டை, கட்டில் கால், மாடிப்படிக் கைப்பிடித் தூண், குங்குமச் சிமிழ், நடைவண்டியின் சக்கரம், நாதசுவரம் ஆகியன தமிழ்நாட்டில் இம்முறையில் செய்யப்படும் பொருட்களுட் சில.

நெடுங்காலம் குலத்தொழிலாகவும் பட்டறைத் தொழிலாகவும் இருந்த மரக்கடைசல், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்து உலகின் பல நாடுகளில் பொழுதுபோக்காகவும் பயிலப்பட்டு வருகின்றது. தச்சுத் தொழிலில் பிறவாத ஒருவர் இதனைக் கற்பது பற்றியும், தருமபுரி மாவட்டத்தின் மாரண்டஹள்ளி போன்றதொரு சிற்றூரில் அதற்கு உள்ள வாய்ப்புகள் பற்றியும் இக்கட்டுரை விரிவாகக் கூறுகின்றது.

பெயர்

தமிழில் 'கடை' என்னும் வினை தயிரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் பொதுவானது. இது தற்செயலான ஒற்றுமை அன்று. மத்தில் கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் இழுக்கும்போது மத்து ஒரு முறை வலமாகவும் மறுமுறை இடமாகவும் சுழல்கின்றது. பழைய கடைசல் பொறியில் மத்தின் இடத்தில் மரத்துண்டு இருந்தது; இயக்கம் அதுவே. ஒருவரைக் 'கடைந்தெடுத்த' கயவர் என்று ஏசும் வழக்கும் இவ்வினையில் இருந்து வந்ததே.

பேச்சு வழக்கில் 'கடைசல் பட்டறை' என்பது மரத்தையும், 'லேத் பட்டறை' என்பது உலோகத்தையும் குறிக்கும். தொழிற்பயிற்சி நிலையங்களில் உள்ள 'டர்னர்' பிரிவு உலோகக் கடைசலையே கற்பிக்கின்றது. மரக்கடைசல் கற்க விரும்பி அதில் சேர எண்ணுவோர் இவ்வேறுபாட்டை முன்பே அறிந்திருத்தல் நன்று.

வரலாறு

கடைசல் பொறியின் மிகப் பழைய ஓவியச் சான்றாகக் கருதப்படுவது, எகிப்தில் கி.மு. 300 அளவில் எழுந்த பெட்டோசிரிசு என்பவரின் கல்லறையில் உள்ள புடைப்புச் சிற்பம் ஆகும். அதில் ஒருவர் வாரை இழுத்து மரத்தைச் சுழற்ற, மற்றவர் உளியைப் பிடிக்கின்றார். இந்தியாவில் இரு வகைப் பொறிகள் வழங்கின. ஒன்றில் துணையாள் ஒருவர் கயிற்றை இரு கைகளாலும் மாறி மாறி இழுப்பார். மற்றொன்றில் கடைசற்காரரே ஒரு கையால் வில்லை இழுத்து, மறு கையால் உளியைப் பிடித்து, தரையில் அமர்ந்தபடி கால் விரல்களால் உளியை நிலைநிறுத்துவார். இரண்டிலும் மரம் தன்னை நோக்கிச் சுழலும் பாதி வீச்சில் மட்டுமே உளி வெட்டும். மறு வீச்சில் அதனைச் சற்றே விலக்கிக்கொள்ள வேண்டும். இத்தாளம் கையில் படியப் பல்லாண்டுகள் ஆகும். ஐரோப்பாவில் வளையும் கழியொன்றையும் மிதிகட்டையையும் கொண்டு இதே முன்பின் இயக்கத்தைப் பெற்றனர். ஒரே திசையில் இடைவிடாது சுழலும் பொறிகள் பரவிய பின்னரே இத்தாளம் தேவையற்றதாயிற்று.

மரக்கடைசலைப் பொழுதுபோக்காகக் கொள்வது புதியதன்று. உருசியாவின் முதலாம் பீட்டர் பேரரசர் கடைசலில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். அவருக்கெனச் சிறப்புப் பொறிகளை அந்திரேய் நார்த்தோவ் வடிவமைத்தார். கடைசலைப் பற்றி விரிவாக எழுதப்பட்ட முதல் நூல், 1701 இல் பிரான்சில் சார்லசு புளூமியே என்ற துறவி வெளியிட்டது ஆகும். இவர் தாவரவியலாளரும் ஆவார். நம் கோயில் வளாகங்களிலும் தோட்டங்களிலும் காணப்படும் ஈழத்தலரியின் தாவரவியற் பெயரான 'புளூமேரியா' இவரது பெயரில் இருந்து வந்ததே. தற்காலப் பொழுதுபோக்காளர்களின் அமைப்புகளுள் அமெரிக்க மரக்கடைசலாளர் சங்கம் 1986 இலும், பிரித்தானியச் சங்கம் 1987 இலும் தொடங்கப்பட்டன.

தமிழகத்திலும் அண்டை நிலங்களிலும்

திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரம், கடைசல் மரத்தாலான செப்புச் சாமான்களுக்குப் பெயர் பெற்றது. அடுப்பு, பானை, குடம், உரல், உலக்கை, அம்மி, திருகை என ஒரு சமையற்கட்டு முழுவதும் உள்ளங்கையளவில் கடைந்து, அரக்கு வண்ணம் ஏற்றப்படும். இவற்றிற்கு மஞ்சக்கடம்பு போன்ற, ரேகை சீரான மரங்கள் விரும்பப்பட்டன. நெகிழி விளையாட்டுப் பொருட்கள் வந்த பின்னர் இத்தொழிலில் உள்ள குடும்பங்கள் குறைந்தன.

தஞ்சாவூர் மாவட்டம் நரசிங்கம்பேட்டையில் நாதசுவரம் செய்யப்படுகின்றது. பழைய வீடுகளின் தூண்களிலும் உத்தரங்களிலும் இருந்து எடுக்கப்பட்ட, பல பத்தாண்டுகள் உலர்ந்த ஆச்சா மரமே இதற்கு ஏற்றது. நீண்ட துளையை இட்டபின் வெளிப்புறம் கடைந்து கூம்பாக்கப்படும். தி. ந. இராசரத்தினம் பிள்ளையின் வேண்டுகோளுக்கு இணங்க, தாழ்ந்த சுருதியுடைய நீண்ட 'பாரி' நாதசுவரத்தை இவ்வூரின் ரங்கநாதன் ஆசாரி செம்மைப்படுத்தினார் என்பர். நரசிங்கம்பேட்டை நாதசுவரம் 2022 இல் புவிசார் குறியீடு பெற்றது. இசைக்கருவியில் கடைசலின் பிழை கண்ணுக்கு முன் காதுக்குத் தெரிந்துவிடும் என்பதால், கடைசல் வேலைகளுள் இதுவே கடினமானது எனலாம்.

கருநாடகத்தின் சென்னப்பட்டணம், தமிழகத்தின் வடமேற்கு மாவட்டங்களுக்கு மிக அருகில் உள்ள பெரிய கடைசல் ஊராகும். இங்குத் தொழில் பரவத் திப்பு சுல்தான் பாரசீகக் கலைஞர்களை வரவழைத்தமையே காரணம் என்பது வழிவழிச் செய்தி. வெப்பாலை மரத்தைக் கடைந்து, அது சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்தி வண்ணம் ஏற்றுவது இவ்வூரின் முறை. இதன் பொம்மைகள் 2005-06 காலப்பகுதியில் புவிசார் குறியீட்டைப் பெற்றன. ஆந்திரத்தின் எட்டிகொப்பாக்காவிலும் இதே மரமும் முறையும் கையாளப்படுகின்றன. அங்கு இயற்கைச் சாயங்களை மீட்டெடுத்த சி. வி. இராசுவுக்கு 2023 இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

இலங்கையில் மாத்தளைப் பகுதியில், அரக்கை நூலாக இழுத்துக் கட்டைவிரல் நகத்தால் பதித்துக் கோலமிடும் அரியதொரு முறை உண்டு. ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் அந்நாட்டின் அரக்கு வேலைப்பாடுகளைப் பதிவு செய்துள்ளார். தமிழ்நாட்டுக் கடைசற்காரர்களுக்கு அப்படியொரு பதிவாளர் வாய்க்கவில்லை. கற்க விரும்புவோர் இன்றும் சந்திக்கும் முதல் இடர் அதுவே.

பொழுதுபோக்காகக் கற்றல்

கடைசலைக் கற்பிக்கும் நூல்களும் நிகழ்படங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. அவை நின்றுகொண்டு இயக்கும் மின்பொறியையும், அதிவேக எஃகு உளிகளையும், மேற்கு நாட்டு மரங்களையும் கருத்திற்கொண்டு எழுதப்பட்டவை. இந்தியக் கடைசற்காரரிடம் உள்ள அறிவோ வேறு வகையானது. அது கையில் இருக்கின்றது, ஏட்டில் இல்லை. நிகழ்படத்தில் பார்த்த வெட்டும் முறையை உள்ளூர்ப் பட்டறையின் உளியில் முயன்று காயப்படுவது தொடக்கநிலையாளரிடம் நிகழக்கூடியதே. ஏனெனில் உளியின் கூர்க்கோணம் மாறினால் அதனைப் பிடிக்கும் கோணமும் மாற வேண்டும். ஏதேனும் ஒரு முறையைத் தேர்ந்து, அதற்குரிய உளி, பொறி, நிற்கும் நிலை யாவற்றையும் சேர்த்தே கற்பது பாதுகாப்பானது.

பட்டறைக்காரரிடம் கற்க விரும்புவோர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். அவர் எண்ணிக்கைக் கணக்கில் கூலி பெறுபவர். ஒரு மணி நேரம் நின்று விளக்கினால், அந்நேரத்தில் கடைந்திருக்கக்கூடிய கட்டில் கால்களின் கூலியை இழக்கின்றார். ஆர்வத்தின் பெயரால் அந்த நேரத்தை இலவசமாகக் கேட்பது முறையன்று. ஓய்வு நாளில் அரைநாட் கூலி தந்து கற்பது இருவருக்கும் ஏற்புடையது.

பொறி

பொறியின் இடப்பக்கத்தில் மின்னோடியால் சுழலும் தலைப்பகுதியும், வலப்பக்கத்தில் மரத்தின் மறுமுனையைத் தாங்கும் வால்பகுதியும், இரண்டையும் இணைக்கும் படுகையும், நடுவே உளித்தாங்கியும் இருக்கும். சிறு பொருட்களுக்கு அரைக் குதிரைத்திறன் மின்னோடி போதுமானது. வீட்டு மின்னிணைப்பில் இது இயங்கும்.

வேகத்தைத் தீர்மானிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடத்துக்கான சுழற்சி எண்ணால் பெருக்கினால் வரும் தொகை 6000 முதல் 9000 வரை இருக்கலாம். இதன்படி 2 அங்குலக் கட்டையை 3000 சுழற்சிக்கு மேலும் ஓட்டலாம். 10 அங்குலக் கிண்ணத்தை 600 இல் இருந்து 900 வரையே ஓட்டலாம். தொடக்கநிலையாளர் கீழ் எல்லையிலும் குறைவாகத் தொடங்குவதே முறை. பத்து அங்குலக் கட்டையை 3000 இல் ஓட்டினால் அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். அவ்வேளையில் அது பிளந்தால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

உளிகள்

நீளக் கட்டைகளுக்கு அரைக்குழாய் போன்று வளைந்த பெரிய உளியால் முதலில் சதுரத்தை உருளையாக்குவர். பின்னர் சிறிய வளைவுளியால் குழிவுகளையும், வாய் சாய்ந்த தட்டை உளியால் மணிகளையும் மழமழப்பான பரப்பையும் எடுப்பர். மெல்லிய பிரிப்புளி பொருளைக் கட்டையில் இருந்து துண்டிக்க உதவும். கிண்ணம் குடைய வேறு வகை வளைவுளி வேண்டும். தடித்த எஃகுத் தண்டில் இருந்து செய்யப்படுவது அது. உருளையாக்கும் பெரிய உளியைக் கிண்ணத்தில் பயன்படுத்தல் கூடாது. அதன் பிடிக்குள் செல்லும் வால் மெல்லியது. கிண்ணத்தின் குறுக்கு ரேகையில் சிக்கினால் முறிந்து முகத்தை நோக்கி வரும்.

வெட்டுவதற்கான அடிப்படை ஒழுங்கு இதுவாகும்: உளி முதலில் தாங்கியைத் தொட வேண்டும். பின்னர் அதன் சாணை பிடித்த சரிவு, வெட்டாமல் மரத்தை உரச வேண்டும். அதன் பின்னரே பிடியை மெல்ல உயர்த்தி விளிம்பை வெட்டவிட வேண்டும். தாங்கியைத் தொடுமுன் மரத்தைத் தொட்ட உளி, கண்ணிமைக்கும் நேரத்தில் கீழே அறையப்படும். சாய்வுளியின் மேல்முனை மரத்தில் பட்டாலும் இதே கதிதான். கற்போர் பலரும் சாய்வுளியை அஞ்சிச் சுரண்டும் உளியையும் உப்புத்தாளையும் நம்பிவிடுவர். பொருள் முடியும், கை தேறாது.

உளி மழுங்கியதை அறியச் சீவலைப் பார்த்தால் போதும். கூரிய உளி நீண்ட சுருளைத் தரும், மழுங்கியது தூளைத் தரும். ஒரு பொருளைக் கடைவதற்குள் பலமுறை சாணை பிடிக்க நேர்வது இயல்பே. எனவே கடைசல் கற்றலில் பாதி, சாணை பிடிக்கக் கற்றலே ஆகும்.

மரமும் மாரண்டஹள்ளிச் சூழலும்

மாரண்டஹள்ளி, தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுக்கும் இராயக்கோட்டைக்கும் இடையே, சேலம்–பெங்களூர் தொடருந்துப் பாதையில் அமைந்துள்ள பேரூராட்சி ஆகும். கன்னட எல்லையை ஒட்டிய பகுதி என்பதனை ஊர்ப்பெயரின் 'ஹள்ளி' என்ற ஈறே காட்டும். இவ்வூருக்கெனத் தனித்த கடைசல் மரபு ஏதும் அறியப்படவில்லை. ஆயினும் பொழுதுபோக்காளருக்குத் தேவையான முதன்மைப் பொருளான மரம் இப்பகுதியில் பலவகையாகக் கிடைக்கின்றது. தொடருந்தில் பெங்களூர் சென்று, அங்கிருந்து மைசூர் வழித்தடத்தில் சென்னப்பட்டணத்தை அடையலாம் என்பதும் வசதியே. பெங்களூரில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும் உள்ளது.

கடைசலுக்குப் பலகை வாங்க வேண்டியதில்லை. தோட்டத்தில் விழுந்த கிளை, விறகுக்கு வைத்த கட்டை ஆகியனவே போதும். இம்மாவட்டத்தில் மிகுதியாக உள்ள புளி கடினமானது. அதன் கருஞ்சிவப்பு வைரம் அழகியது, ஆனால் உளியை விரைவில் மழுக்கும். மா எளிதில் கடையக்கூடியது, பூஞ்சைக் கோடுகள் படிந்த மாங்கட்டை கிண்ணத்துக்குச் சிறந்தது. வேம்பு, கொய்யா, பலா ஆகியனவும் நல்லவை. பட்டுப்புழு வளர்ப்பு நடைபெறும் பகுதியாதலால், பழைய மல்பெரித் தோட்டங்களைப் பிடுங்கும்போது அடிக்கட்டைகள் கிடைக்கும். அவற்றின் மஞ்சள் வைரம் நாளடைவில் பழுப்பாகும். சிமிழுக்கும் பம்பரத்துக்கும் போதிய பருமனே இருக்கும். வறண்ட காடுகளில் உள்ள ஆச்சா மிகக் கனமானது, தொடக்கநிலையாளருக்கு உகந்ததன்று.

எல்லோரும் வெறுக்கும் சீமைக் கருவேலம் கடைசலுக்கு மிக ஏற்ற மரங்களுள் ஒன்று என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். உலரும்போது மிகக் குறைவாகவே சுருங்குவதால் இது எளிதில் கோணுவதில்லை. இதன் இனத்து மரங்களை அமெரிக்கக் கடைசலாளர்கள் விலை கொடுத்து வாங்குகின்றனர். இங்கு அது கரிக்குப் போகின்றது.

சந்தன மரம் தன் நிலத்தில் நின்றாலும் வனத்துறையின் அனுமதியின்றி வெட்டுதல் குற்றமாகும். காப்புக்காட்டில் விழுந்து கிடக்கும் கட்டையை எடுப்பதும் அவ்வாறே. அரளி, எட்டி, தில்லை போன்ற நச்சு மரங்களைக் கடைதல் கூடாது.

பச்சை மரம் உலரும்போது வளையங்களை ஒட்டிய திசையில், நடுவில் இருந்து வெளிச்செல்லும் திசையைப் போல் ஏறத்தாழ இருமடங்கு சுருங்கும். வட்டமாகக் கடைந்த பச்சைக் கிண்ணம் நீள்வட்டமாவதும், நடுத்தண்டு உள்ள கட்டை வெடிப்பதும் இதனாலேயே. கட்டையை வெட்டிய அன்றே நடுவாகப் பிளந்து, தண்டை நீக்கி, வெட்டுமுகங்களில் உருக்கிய மெழுகைப் பூசிவிட வேண்டும். தருமபுரியின் கோடைக் காற்றில் ஒரு நாள் தாமதித்தாலும் வெடிப்பு ஓடிவிடும். கிண்ணமாயின், விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிப்பு விட்டுப் பச்சையாகவே கடைந்து, தாளில் சுற்றி நிழலில் சில மாதங்கள் வைத்து, கோணியபின் மீண்டும் கடைந்து வட்டமாக்குவர்.

பாதுகாப்பு

கடைசல் பொறி அமைதியாகத் தோன்றும். வாளைப் போலப் பற்கள் தெரிவதில்லை என்பதால் தொடக்கநிலையாளர் அதனைக் குறைத்து மதிப்பிடுகின்றனர். சுழலும் பொருள் எதையும் தன்னில் சுற்றிக்கொள்ளும். வேட்டி, தோளில் துண்டு, துப்பட்டா, முந்தானை, அவிழ்ந்த கூந்தல், கழுத்துச் சங்கிலி, கைக்கயிறு ஆகிய எதுவும் பொறியருகில் கூடாது. கையுறையும் அணிதல் கூடாது. அது விரலைக் காப்பதில்லை, கையைச் சேர்த்து இழுக்கும். மெருகிடத் துணியைப் பயன்படுத்தாமல் தாளைப் பயன்படுத்துவதும் இதனாலேயே. தாள் சிக்கினால் கிழிந்துவிடும்.

முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் கட்டாயமானது, கண்ணாடி மட்டும் போதாது. மின்விசையை இயக்குமுன் கட்டையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றித் தாங்கியில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இயக்கும் நொடியில் கட்டைக்கு நேரெதிரே நில்லாமல் ஒரு பக்கமாக நிற்க வேண்டும். உப்புத்தாள் இடும்போது தாங்கியை அகற்றிவிட வேண்டும்.

உடனே தெரியாத தீங்கு தூள். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995 இல் மரத்தூளை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. உளியின் சீவலைக் காட்டிலும் உப்புத்தாளின் நுண்தூளே நுரையீரலை எட்டும். மூக்கில் கைக்குட்டை கட்டுவதால் பயன் மிகக் குறைவு. தூள் வடிகட்டும் முகமூடியே வேண்டும். பட்டறையில் பல்லாண்டு உழைப்போரிடம் இது பற்றிப் பேசினால் சிரித்து ஒதுக்கக்கூடும். அவர்களுக்கு அதனை யாரும் வழங்கியதில்லை என்பதும் உண்மை.

மெருகு

அரக்கு, மரங்களில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின் ஆகும். அதனை உருக்கி, நிறங்கலந்து, குச்சியாக்கிச் சுழலும் மரத்தின் மீது அழுத்தினால் உராய்வு வெப்பத்தில் இளகி ஒட்டும். பின்னர் தாழை மடலால் தேய்க்க, கண்ணாடி போன்ற பளபளப்பு வரும். மரம் நன்கு உலர்ந்திருத்தல் வேண்டும், இல்லையேல் சில மாதங்களில் அரக்கு உரியும்.

மத்து, கரண்டி போன்ற சமையற் பொருட்களுக்கு எண்ணெயே ஏற்றது. தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் உலர்வதில்லை, நாளடைவில் சிக்கு வாடை வீசும். ஆளிவிதை எண்ணெய் காற்றில் உலர்ந்து படலமாகும். ஆனால் அதனைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிதல் கூடாது. தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது. விரித்து வெளியே உலர்த்திய பின்னரே எறிய வேண்டும்.

முதற் பொருட்கள்

கற்போர் பலர் முதல் நாளே கிண்ணத்தில் இறங்குவர். பூரிக்கட்டையே நல்ல தொடக்கம். நேரான உருளை ஒன்றை மேடு பள்ளமின்றி எடுப்பது தோன்றுவதை விடக் கடினம். கடைந்த கட்டையின் மேல் ஓர் அளவுகோலை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பிழைகள் அனைத்தும் தெரியும். அடுத்து மத்து. அதன் நீண்ட காம்பு மெலிய மெலிய உளியின் அழுத்தத்தில் அதிரும் என்பதால், முனைகளை விட்டு நடுப்பகுதியைக் கடைசியாகக் கடைவர். இடக்கையின் விரல்கள் பின்னால் இருந்து காம்பை மெல்லத் தாங்கும்.

பம்பரம் மூன்றாவது. மரத்தின் ரேகை அச்சின் போக்கில் செல்லும்படி கட்டையைப் பொருத்த வேண்டும். குறுக்கே இருந்தால் முதல் குத்திலேயே பிளக்கும். ஆணி இறங்கும் முனையைப் பொறியின் வால்பக்கம் வைத்துக் கடைந்தால், அங்குள்ள கூர்முனை பதித்த சிறு குழியே ஆணிக்குரிய சரியான நடுப்புள்ளியாக எஞ்சும். அதனைச் சீவிவிடாமல், ஆணியை விட மெல்லிய துளையிட்டு ஆணியை இறக்க வேண்டும். கயிறு வழுக்காதிருக்க அடிப்பகுதியில் சாய்வுளியின் முனையால் சில வரைகள் கீறுவர். அச்சில் நூலிழை பிசகினாலும் பம்பரம் தலையாட்டும். தெருப் பிள்ளைகள் அதனை உடனே சொல்லிவிடுவர்.